தராசில் ஏறாத கொட்டாப்புளி

சென்ற வாரம் கௌதள்ளிக்குச் சென்று மாமாவின் டிங்கர் பட்டறையைக் காலி செய்ய உதவினேன். கொள்ளேகாலத்திலிருந்து அனூர் வழியாக மாதேசுவரன் மலைக்கு ஏறும் சாலையில் உள்ள ஊர் அது. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கோப்புகளில் எல்லை மாறியது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் உரசி நசுங்கிய பேருந்துகளும் ஜீப்புகளுமே மாமாவுக்கு நாற்பது ஆண்டுகள் சோறு போட்டவை.

பழைய இரும்பு வாங்குபவர் சம்மட்டி, சுத்தியல், தாங்குகட்டை என எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுத் தராசில் ஏற்றினார். கிலோவுக்கு 30 ரூபாய். மாமா பேரம் பேசவில்லை. அவருக்குக் காது ஏறத்தாழக் கேட்பதில்லை; விலையைக் கேட்டாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், கையால் தகடு அடித்து வண்டி உடல் கட்டும் தொழிலைப் பற்றியது. அதற்கு ஒப்பீடாக இத்தாலியின் மோதெனா நகரத்துத் தகடு அடிப்பவர்களைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அன்றிரவு மாமா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் செய்த ஒரு காரின் விற்பனை விவரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1962-இல் கட்டப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ வகைக் கார் அது. ஃபெராரியின் சொந்த அணிக்காக ஓடி, நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 430 கோடி ரூபாய். வழக்கமாக இத்தகைய செய்தியை நான் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன். அன்று இயலவில்லை.

இந்த வகைக் கார்கள் 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றின் உடலை அடித்துக் கட்டியது செர்ஜியோ ஸ்காலியெத்தியின் பட்டறை. 1920-இல் பிறந்த அவர், தந்தை இறந்ததால் 13 வயதில் வண்டி உடல் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். வரைபடத்தைவிடத் தம் கண்ணை நம்பியவர். கம்பியால் ஒரு கூடு வளைத்து, மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச்சுத்தியால் அடித்து, கூட்டின் மேல் பொருத்திப் பார்த்து, மீண்டும் அடிப்பது அவர்கள் முறை. அதனால் எந்த இரண்டு கார்களும் அச்சாக ஒன்றுபோல் இல்லை. ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. இந்த ஒவ்வாமையைத்தான் இன்று கைவண்ணம் என்று போற்றுகிறார்கள்.

2019-இல் போலோஞா நீதிமன்றம், பதிப்புரிமைப் பாதுகாப்புக்கு உரிய கலைப்படைப்பு என்று இந்தக் காரை ஏற்று, இதைப்போல் வேறொருவர் செய்து விற்பதைத் தடுத்தது. வால்டர் பெஞ்சமினின் 'ஒளிவட்டம்' பற்றி வகுப்பில் பேசுவோர் இந்தத் தீர்ப்பையும் சேர்த்துப் பேசலாம். தகட்டை அடித்தவர்களுக்குத் தாம் கலைப்படைப்பு செய்கிறோம் என்ற எண்ணம் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர்களுக்கு அது அடுத்த பந்தயத்திற்குள் முடிய வேண்டிய வேலை. பந்தயக் காலம் முடிந்ததும் அந்தக் கார்கள் வெறும் பழைய வண்டிகள்தாம். அவற்றுள் ஒன்று டெக்சாஸில் ஒரு பள்ளியின் பட்டறை வகுப்புக்குத் தானமாகப் போய், பின்னர் ஒஹையோவில் பல ஆண்டுகள் திறந்தவெளியில் வெயிலும் மழையும் வாங்கிக் கிடந்தது.

இதில் என்னை நிறுத்திய செய்தி வேறு. முதலில் செய்த கார்களில் நான்கிற்கு 1964-இல் புதிய வடிவ உடலே அணிவிக்கப்பட்டது. மோதி நசுங்கித் திரும்ப அடிக்கப்பட்டவையும் உண்டு. முதலில் அடித்த கையின் தடம் போயிருந்தாலும் கார் 'அசல்' என்றே கருதப்படுகிறது. ஏனெனில் சேஸிஸ் எண் இருக்கிறது, எஞ்சின் எண் இருக்கிறது, தொழிற்சாலைப் பதிவேடு இருக்கிறது. கைவண்ணம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விலையைத் தாங்கி நிற்பதோ காகிதம்.

மாமாவிடம் காகிதம் இல்லை. பதினைந்து வயதில் கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவர் கைக்கு வந்த இத்தாலிய வம்ச வண்டி என்றால் பம்பாய்க் குர்லாவில் செய்த ஃபியட் பத்மினி ஒன்றுதான். அதன் மட்கார்டில் ஒடுக்கு எடுப்பதைச் சிறுவனாக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளங்கையைத் தகட்டின் மேல் மெல்ல ஓட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். பின்புறம் தாங்குகட்டையைப் பிடித்து முன்புறம் தட்டுவார். ஓசை மந்தமாக இருந்தால் தகடு இன்னும் கட்டையில் படியவில்லை என்பார். கணீரென்று வந்தால் போதும் என்பார். பட்டி பூசி மறைப்பவர்களை அவர் மதித்ததில்லை. காதால் செய்த தொழில் அது. அதுவே காதையும் எடுத்துக்கொண்டது.

ஸ்காலியெத்தியின் ஆட்களுக்கும் மாமாவுக்கும் கருவி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மாமாவின் வேலை சிறந்தது என்பதற்கு அடையாளம், அவர் வேலை செய்ததே தெரியாமல் போவது. எங்கே நசுங்கியிருந்தது என்று வண்டிக்காரர் தேடித் தோற்க வேண்டும். அப்போதுதான் கூலி.

என் மூன்றாம் இயலுக்கு ஆய்வுக்குழுக் கூட்டத்தில் எழுந்த கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. "சான்று எங்கே? பொருள் எங்கே? எந்த ஆவணத்தை வைத்து இவரைத் திறனாளர் என்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்போது நான் தடுமாறினேன். வாய்மொழித் தரவு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது கேட்டால், சான்று எஞ்சாதபடி வேலை செய்வதையே இத்தொழில் திறன் என்று வரையறுக்கிறது, ஆகவே முறையியலை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அவர்கள் ஏற்பார்களா என்பது வேறு.

மறுநாள் காலை, மாமாவிடம் கைப்பேசியில் அந்தக் காரின் படத்தைக் காட்டினேன். விலையைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, பின்சக்கரத்தின் மேல் எழும் வளைவை நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒரே தகடு இல்ல கண்ணு. ரெண்டு மூணு துண்டா அடிச்சுப் பத்த வெச்சிருப்பாங்க. பத்த வெச்ச எடத்தத் தேய்ச்சவன் கெட்டிக்காரன்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இரும்புக்காரர் மரம் என்பதால் கொட்டாப்புளியைத் தராசில் ஏற்றாமல் ஓரமாக எறிந்திருந்தார். மாமாவிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது. அளந்து, படம் எடுத்து, பின்னிணைப்பில் சேர்க்கப்போகிறேன்.

அடுத்த மாதம் அனூர், கௌதள்ளி, மேட்டூர் வழியில் இத்தொழில் செய்த முதியவர்களைச் சந்திக்க எண்ணியுள்ளேன். உங்கள் குடும்பத்தில் தகடு அடித்தவர்களோ கரூரில் கூடு கட்டியவர்களோ இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். காது கேளாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிக் காட்டிப் பேசப் பழகிவிட்டேன்.