பட்டு மாட்டிய கை

என் சித்தப்பா கும்பகோணத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் நாற்பது ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தார். வெள்ளை விரிப்பில் சம்மணமிட்டு அமர்ந்து, மடிப்பை ஒரே வீச்சில் உதறி, முந்தியை வாடிக்கையாளரின் மடிமேல் விழச் செய்வார். வாரம் இரண்டுமுறை நகம் வெட்டுவார். பட்டு நூல் எதில் மாட்டினாலும் இழுத்துக்கொள்ளும், ஓர் இழை போனால் சேலையே போயிற்று என்பார்.

2011 தை மாதம், ஒரு கல்யாணத்தில் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். உள்ளங்கை வழக்கம்போல் இல்லை. ரேகைகளுக்கு நடுவே தோல் தடித்து, மயிற்கண் முடிச்சுப் போட்ட துவாலையைத் தொடுவதுபோல் இருந்தது. "கொஞ்ச நாளா பட்டு கையில மாட்டுதுடா, வயசாயிடுச்சு" என்று சிரித்தார். கழுத்தின் பின்புறமும் கருத்திருந்தது. வெயில் என்று சித்தி சொன்னாள். சர்க்கரையாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன்? கதை எழுதினேன். அந்த ஆண்டு சித்திரையில் ஒரு சிற்றிதழில் வந்தது. நாற்பது ஆண்டுகள் பட்டை விரித்து விரித்து அவர் உள்ளங்கையே வெல்வெட்டாகிவிட்டது என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பாராட்டி இரண்டு கடிதங்கள் வந்தன. அது பொய்யான வரி. அந்தக் கை நாற்பது ஆண்டுகளில் அப்படி ஆகவில்லை, நான்கைந்து மாதங்களில் ஆகியிருந்தது.

அதற்குப் பெயர் உண்டு என்று பிறகு அறிந்தேன். கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடிப்பது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். 1890-லேயே மருத்துவ நூல்களில் பதிவாகிவிட்டது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம்மிடையே காணப்படும் கழுத்துக் கருமையில் மிகப் பெரும்பாலானது உடற்பருமனாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததாலும் வருவது; புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் மெலிந்த உடல்வாகுள்ள முதியவருக்கு, சில மாதங்களுக்குள் விரைந்து பரவி, வாயின் உட்புறத்தையும் உள்ளங்கையையும் தொட்டால் கதை வேறு. உள்ளங்கை இப்படி மாறுவதை, கறிக்கடையில் தொங்கும் இரைப்பையின் உட்சவ்வுக்கு ஒப்பிட்டே ஆங்கிலத்தில் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் கை உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு உள்ளே புற்று இருக்கிறது. கை மட்டும் மாறினால் பெரும்பாலும் நுரையீரல். கழுத்தும் சேர்ந்து கருத்தால் பெரும்பாலும் இரைப்பை.

புற்று தோலுக்குப் பரவுவதால் இது நேர்வதில்லை. கட்டி, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கிறது. அவை இரத்தத்தின் வழியே தோல் செல்களைச் சென்றடைந்து அவற்றையும் பெருகச் சொல்கின்றன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய தோல் மருத்துவர் ஹெலன் கர்த், ஒரு தோல் மாற்றத்தை உள்ளிருக்கும் புற்றின் அடையாளம் என்று கொள்ளச் சில நிபந்தனைகளை வகுத்தார். அவற்றில் முக்கியமானவை இரண்டு: இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கவேண்டும், ஒன்று தணிந்தால் மற்றதும் தணியவேண்டும், ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பவேண்டும்.

புரட்டாசியில்தான் சித்தப்பா தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனார். அதுவரை மருந்துக்கடைக் களிம்புகள். சர்க்கரைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி வேறு. உடன் போனவன் நான். மருத்துவர் இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். பிறகு தோலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சாப்பாடு முன்போல் இறங்குகிறதா? வேட்டி இடுப்பில் நிற்கிறதா?" என்று கேட்டார். எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். இரைப்பையில் புற்று. கல்லீரலுக்கும் போயிருந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில், செயிண்ட் மேரீஸ் மருத்துவமனையில், மேரி ஜோசப் டெம்ப்ஸி என்றொரு கன்னிகாஸ்திரி இருந்தார். அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு நெடுங்காலம் உதவியாளர். அறுவைக்குமுன் நோயாளியின் வயிற்றைக் கழுவித் துடைப்பது அவர் பணிகளில் ஒன்று. தொப்புளில் கெட்டியான கழலை தட்டுப்படும் நோயாளிகளுக்கு உள்ளே புற்று பரவியிருப்பதைத் துடைக்கும் கை கண்டுகொண்டது, மேயோவிடம் சொன்னார். மேயோ 1928-இல் அதைப் பற்றி எழுதினார். மேரி ஜோசப் 1939-இல் மறைந்தார். 1949-இல் ஆங்கிலேய மருத்துவர் ஹாமில்டன் பெய்லி தம் நூலில் அந்தக் கழலைக்கு அவர் பெயரையே இட்டார். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவரும் தொட்டார், நானும் தொட்டேன். அவர் இது ஏன் என்று கேட்டார். நான் இது எதைப்போல என்று கேட்டேன்.

கீமோதெரபி தொடங்கிய இரண்டாம் மாதம் சித்தப்பாவின் கை மிருதுவாகியது. வீட்டிலிருந்த சித்தியின் கூறைப்புடவையை எடுத்துவரச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து பழையபடி உதறி விரித்தார். "மாட்டல பாரு" என்றார். அந்த ஒரு மாதம் வீடு முழுக்கச் சிரிப்பு. பங்குனியில் கை மறுபடியும் தடித்தது. கர்த்தின் நிபந்தனையை அப்போது நான் படித்திருக்கவில்லை. சித்தப்பாவுக்குப் படிக்கத் தேவையிருக்கவில்லை. புடவையை மடித்து வைத்துவிடச் சொன்னார். 2012 ஆனியில் போய்விட்டார்.

தை மாதமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். தோல் சொல்லும்போது உள்ளே பெரும்பாலும் முற்றியிருக்கும், சில மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம், அதற்குமேல் தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகப் பேசுபவர் அல்லர் அவர்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சித்தி அந்தச் சிற்றிதழைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். அவள் கதை படிப்பவள் அல்லள். "அப்பவே பாத்திருக்கியேடா" என்றாள். கோபமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஒருமுறைதான் சொன்னாள், பிறகு காபி போட உள்ளே போய்விட்டாள்.

பின்னர் வந்த என் தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்கவில்லை.