கோமுகி வாய்க்காலும் ஒரு கண்ணாடி டம்ளரும்

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊர் களமருதூர் விழுப்புரம் மாவட்டம். 2019-இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அறிவியல் சார் எங்களைக் கச்சிராயபாளையத்துக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது, அணையைவிட பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமா என்பதுதான் எங்கள் கவலை. உளுந்தூர்ப்பேட்டை, எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் தாண்டுவதற்குள் பாதிப்பேர் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

கல்வராயன் மலை ஓடைகள் வந்து சேரும் இடம் அந்த அணை. நீர்மட்டம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதியது அதோடு சரி. கண்ணெல்லாம் மதகின் மேல்தான். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஷட்டர் சக்கரத்தைத் திருகத் திருக, கீழே செம்மண் கலங்கல் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் கிளை வாய்க்கால் பிரிந்தது. அதற்கும் ஒரு சின்ன மதகு. கடைமடைக்காரன் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த மதகுப் பலகையில்தான் இருக்கிறது என்று லஸ்கர் சிரித்தார்.

ஒருவன் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கப் போனான். சார் அதட்டிவிட்டு, பையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்தார். வாய்க்கால் தண்ணீரை மொண்டு, படிகாரத்தை உள்ளே நாலு சுற்றுச் சுற்றி, மதகுத் திண்டில் வைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால், மண்ணெல்லாம் பஞ்சுபஞ்சாகத் திரண்டு அடியில் படிந்திருந்தது. மேலே தெளிவான தண்ணீர். வீட்டில் அம்மா பானையில் தேத்தாங்கொட்டையை இழைப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"இப்பக் குடிக்கலாமா சார்?"

"கண்ணுக்குத் தெரியிற அழுக்குதான்டா போயிருக்கு."

அதன் பிறகுதான் மணல் வடிகட்டியைப் பற்றிச் சொன்னார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-லேயே அப்படி ஒரு நிலையம் அமைத்தார்களாம். மணலின் மேல் வழவழவென்று படியும் படலம்தான் கிருமிகளைப் பிடிக்கிறதாம். பாசி என்று நினைத்து வழித்தெறியத் தோன்றும் சமாச்சாரம் இவ்வளவு வேலை செய்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். அதிலும் தப்பிக்கும் கிருமிகளுக்குக் குளோரின். ஊர்த் தொட்டித் தண்ணீரில் அடிக்கும் பிளீச்சிங் பவுடர் நாற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள் அன்றோடு வாயை மூடிக்கொண்டோம்.

திரும்பும்போது ஒரு பெண் கேட்டாள்: "இந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வருமா சார்?" வராது என்றார். கோமுகியின் ஆயக்கட்டு கள்ளக்குறிச்சிப் பக்கத்தோடு நின்றுவிடும். ஆறு மணிமுத்தாற்றில் கலந்து வெள்ளாற்றுக்குப் போய்விடும். நமக்கு மழையும் ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான்.

அந்தப் பயணத்தில் எனக்கு உருப்படியாகப் பட்ட கேள்வி அவள் கேட்டதுதான். பிள்ளைகளை அணைக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போவதற்கு முந்தின வாரம் உள்ளூர் ஏரியின் மதகையும் குடிநீர்த் தொட்டியையும் காட்டிவிடுங்கள். நடந்தே போய்விடலாம், பஸ் வாடகை கிடையாது.