சரியாக எண்ணியவர்கள்

கண்ணு, நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஸ்டாலின் காலத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் தாத்தா? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே!"

உன் வயதில் எனக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைத்தன. அதில் இருப்பதுதான் ரஷ்யா என்று இருந்துவிட்டேன். அந்தப் புத்தகங்கள் மேல் இன்றும் பிரியம் உண்டு, அது வேறு கதை.

அங்கே எண்ணுவதே எவ்வளவு சிக்கல் என்று முதலில் பார். 1937 ஜனவரி 6 அன்று சோவியத் நாடு முழுக்கத் தலை எண்ணினார்கள். சுமார் 16.2 கோடி வந்தது. ஆனால் 1934 கட்சி மாநாட்டிலேயே ஸ்டாலின் 16.8 கோடி என்று சொல்லியிருந்தார். நடுவில் விழுந்த பள்ளத்தில் பெரும்பகுதி, உக்ரைனையும் கசகஸ்தானையும் வாரிக்கொண்டு போன பஞ்சம். போதாக்குறைக்கு, வயது வந்தோரில் பாதிக்கும் மேல் கடவுளை நம்புவதாகப் பதிந்திருந்தார்கள். இருபது வருஷ நாத்திகப் பிரசாரத்துக்குப் பிறகு! கணக்கெடுப்பே தப்பு என்று அரசு அறிவித்தது. புள்ளிவிவரத் துறைத் தலைவர் க்ராவல், கணக்கெடுப்பை நடத்திய க்வீத்கின் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1939இல் மறுபடி எண்ணியபோது 17 கோடி வந்தது. வராமல் என்ன செய்யும்?

ஆனால் பழைய தாள்களை எரிக்கவில்லை, பூட்டி வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் படித்தார்கள்.

அதுவரை வெளிநாட்டு ஆய்வாளர்களின் பாடு திண்டாட்டம்தான். ஸ்மோலென்ஸ்க் நகரத்தில் ஜெர்மானியர் கைப்பற்றிய கட்சிக் காகிதங்கள் போருக்குப் பின் அமெரிக்கர் கைக்குப் போயின. 1958இல் மெர்ல் ஃபெய்ன்சாட் அவற்றை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். நல்ல உழைப்பு. ஆனாலும் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம்; அத்தனை பெரிய நாட்டுக்கு ஒரு மாகாணம் பதமாகுமா?

1991க்குப் பிறகு ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது நான் இரண்டாம் தடவை ஏமாந்தேன். 1937, 1938 இரண்டே வருஷத்தில் மரண தண்டனை 6,81,692 பேருக்கு. கடைசி இலக்கம் வரை இருக்கிறதே, இனி வாதமே இல்லை என்று நண்பர்களிடம் வீறாப்பாகப் பேசினேன். அந்தக் கணக்கு கொன்றவர்களே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தது என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. விசாரணையில் அடி தாங்காமல் செத்தவன் தண்டனைப் பட்டியலில் எப்படி வருவான்? முகாம்களின் கணக்கு இன்னும் விசித்திரம். சாகப்போகிற கைதிகளை விடுதலை செய்து அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. வெளியே போய்ச் செத்தால் முகாமின் சாவுக் கணக்கில் ஏறாது.

அதற்காக அந்தக் காகிதங்களைத் தூக்கி எறிந்துவிடாதே. அவற்றை விட்டால் நமக்கு அவ்வளவும் இருட்டு. இதை எழுதினவன் யார், யாருக்குப் பயந்து எழுதினான், எந்தப் பத்தியைக் காலியாக விட்டான் என்று கேட்டுக்கொண்டே படி. கோர்பச்சேவ் காலத்துக்கு முன் அச்சானது என்றால் இரண்டு தடவை கேள்.

உன் கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. அந்த 6,81,692ஐ மட்டும் உன் நோட்டில் எழுதி வை. க்ராவலும் க்வீத்கினும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.