லூயிஸ் என்றாலும் ஞானப்பிரகாசம்தான்



போன வாரம் ஜெர்மனியிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பையன் பிறந்திருக்கிறான், பேர் பதிய வேண்டும். நமக்கு இனிஷியல்தானே உண்டு, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்கு அப்பா பேரைப் போட்டுவிடுகிறோம். அப்படித்தான் இவன் அப்பாவின் 'லூயிஸ்' இவனுக்குக் குடும்பப் பெயர் ஆனது. அவர் தவறி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

"அது வெள்ளைக்காரன் பேரு, பிள்ளைக்காவது விட்டுடு. நம்ம தாத்தா பேரு ஞானப்பிரகாசம்னு நல்ல தமிழ்ப் பேரா வையி" என்று சித்தப்பா சண்டையாம். (ஞானமும் பிரகாசமும் வடமொழி என்று அவரிடம் யார் சொல்வது!) "அப்பா பேரை நானே எப்படி சார் அழிப்பேன்?" என்று குரல் கம்மக் கேட்டான்.

நான் சொன்னது இதுதான். லூயிஸ் பழைய ஜெர்மானியப் பேர். 'ஹ்லூத்' என்றால் புகழ்பெற்ற, 'விக்' என்றால் போர். போரில் பேர் வாங்கியவன் என்று பொருள். 'ஹ்லூத்'தும் நாம் சொல்கிற 'சுருதி'யும் ஒரே பழைய வேரில் பிறந்தவை. இரண்டுக்கும் அடிப்படை காதால் கேட்பது. 481 முதல் 511 வரை பிராங்கியரை ஆண்ட குளோவிஸின் பேரும் இதுதான். அதுவே ஜெர்மனியில் லுட்விக், பிரான்சில் லூயி, இத்தாலியில் லூய்ஜி, இங்கிலாந்தில் லூயிஸ். கார்ல் லூயிஸ் ஓடினாரே, அவருக்கு அது குடும்பப் பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டி, 1761-ல் ஆங்கிலேயர் இடித்தது லூயி கோட்டை.

ஆனால் நம் பக்கத்து வீடுகளுக்கு அந்தப் பேர் ராஜாக்கள் வழியாக வரவில்லை. இத்தாலியில் 1568-ல் பிறந்த லூய்ஜி கொன்சாகா என்ற பிரபு வீட்டுப் பிள்ளை சொத்தை விட்டு சேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1591-ல் 23 வயதில் இறந்தார். 1726-ல் புனிதர் பட்டம். மாணவர்களுக்குப் பாதுகாவலர். லத்தீனில் அவர் அலோசியஸ். தமிழில் அவரைத்தான் ஞானப்பிரகாசியார் என்கிறார்கள். போர் என்ற பொருளை யாரோ ஒரு புண்ணியவான் தள்ளிவிட்டு ஒளியை வைத்துவிட்டார். பெஸ்கி பாதிரியாரின் கான்ஸ்டன்சோ முதலில் தைரியநாதர் ஆனதுபோல நேரடி மொழிபெயர்ப்பு இல்லை இது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

அவன் அப்பா ரேங்க் கார்டில் 'ஞா. லூயிஸ்' என்று முத்துமுத்தாகக் கையெழுத்துப் போடுவார். இனிஷியலும் பேரும் ஒரே பேர்தான் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சித்தப்பாகிட்ட நீங்களே ஒரு தடவை பேசுங்க சார்" என்றான். பேசினேன். சௌந்தரராஜப் பெருமாள் இருக்கிற ஊரில் சௌந்தரராஜன்களுக்குப் பஞ்சமில்லை, உங்கள் வீட்டில் இவர் பேர் வந்தால் என்ன என்றேன். பெயரன்தானே பேரன் என்றும் சொன்னேன். முனகிக்கொண்டே சரி என்றார்.

நேற்று படம் வந்தது. ஞானப்பிரகாசம் லூயிஸ், மூன்று கிலோ. மூக்கு அப்படியே தாத்தா மூக்கு.