கொடும்பாளூர்ச் சாலையும் ரோமாபுரிப் பொன்னும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். இருக்குவேளிர் தலைவனான பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தேவிமார் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளமே மிச்சம். மூவர் கோயிலின் சிற்ப அழகைப் பலரும் போற்றியிருக்கின்றனர். எனக்கோ அங்கே நிற்கும்போது அந்தச் சாலையின் மீதே நினைவு ஓடுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், பாதை மூன்றாகப் பிரியுமிடத்துக்கு அடையாளமாகக் கூறுவது இவ்வூரைத்தான்.

பழைய வழிகளில் பொன்னும் பிரயாணம் செய்தது. இங்கிருந்து கிழக்கே, புதுக்கோட்டை நகரைக் கடந்து ஆலங்குடிப் பக்கம் சென்றால் கறுக்காகுறிச்சி என்றொரு கிராமம். 1898-ஆம் ஆண்டில் அங்கே 501 ரோமாபுரிப் பொன் நாணயங்கள் ஒரே புதையலாக அகப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாஸியன் வரையிலுள்ள சக்கரவர்த்திகள் காலத்தவை அவை. கொடும்பாளூர் வழியாகத்தான் வந்தன என்று நான் சாதிக்கவில்லை. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக இந்நாட்டுக்கு வந்த பொன் என்பதே போதும். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமாபுரிப் பிளினி புலம்பியதும் இந்தப் பொன்னைக் குறித்துத்தான்.

பிரிட்டிஷ் மியூசியத்து ஹில் என்பவர் இவற்றை ஆராய்ந்து எழுதினார். சில காசுகள் லண்டனிலேயே தங்கிவிட்டன. அவர் கண்ட விசேஷம் ஒன்று: பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு! மீண்டும் நாணயமாகச் செலாவணியாகாமல், எடைப் பொன்னாகவே கொள்ளப்படவேண்டும் என்று அவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் கருத்து. இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று பாருங்கள். கி.பி. 64-ல் நீரோ, ஒரு ராத்தல் பொன்னுக்கு 45 காசு என்ற கணக்கில் காசின் எடையைக் குறைத்தான். முகத்தை நம்பி வாங்கியவன் ஏமாந்திருப்பான். தராசை நம்பியவன் ஏமாற வழியில்லை.

'அவுரியஸ்' என்னும் இந்தக் காசுக்குப் பழங்காசு சேகரிப்போரிடம் இன்றும் பெரும் மோகம். அவர்கள் தேடுவது தேயாத முகம், சிதையாத எழுத்து. உளிபட்ட காசு என்றால் விலையைக் குறைத்துவிடுவார்கள். அது அவர்கள் வியாபாரம். என்னைக் கேட்டால், வெட்டில்லாத காசு ரோமாபுரியின் சரித்திரத்தை மாத்திரம் சொல்கிறது. வெட்டுண்டதிலோ, அதை இங்கே கையில் வாங்கி, நிறுத்து, சக்கரவர்த்தியென்றும் பாராமல் உளியை வைத்த ஒருவனுடைய கை தெரிகிறது.