மதியச் சாப்பாட்டு நேரத்தில் விழுந்த குண்டு

1945 மார்ச் மாதம். ஆஸ்திரியாவின் மேலே ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பறந்துகொண்டிருந்தது. மற்ற குண்டுகளெல்லாம் விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் விமானத்தின் வயிற்றிலேயே சிக்கிக்கொண்டது. அதோடு தரையிறங்கினால் மொத்த விமானமும் சிதறிவிடும். வீரர்கள் போராடி அதைக் கழற்றிவிட்டார்கள்.

கீழே காடாக இருந்திருக்கலாம், வெறும் மலையாக இருந்திருக்கலாம். ஆனால் இருந்தது ஒரு பண்ணை வீடு. குண்டு சரியாக அங்கே போய் விழுந்தது.

விமானி கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகல். அவருக்கு நெஞ்சு அடைத்தது. அவரும் விவசாய மண்ணில் வளர்ந்தவர்தான். குடும்பமே வயலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம் அது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தளத்துக்குத் திரும்பினால் ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது: 'பெண் குழந்தை பிறந்திருக்கிறது.' அவருடைய முதல் குழந்தை. தன் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்த நேரத்தில், இன்னொருவர் வீட்டுக் குழந்தையைக் கொன்றுவிட்டோமோ என்ற எண்ணம் அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது. அது 40 வருடம் போகவில்லை.

அந்த 22 வயது விமானியின் பெயர் ஜார்ஜ் மெக்கவர்ன்.

தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஏவன் என்ற சிற்றூரில் 1922-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். வளர்ந்தது மிட்செல் என்ற சிறிய ஊரில். பள்ளியில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற பையன். பேச்சுப் போட்டிகள்தான் அந்தக் கூச்சத்தைப் போக்கின. கல்லூரியில் படிக்கும்போதே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் தடவை பறந்தபோது பயந்து நடுங்கினேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

போரில் அவர் ஓட்டியது பி-24 ரக விமானம். மனைவி எலினாரை நினைத்து அதற்கு 'டகோட்டா குயின்' என்று பெயர் வைத்தார். இத்தாலியில் செரிஞோலா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த தளத்திலிருந்து 35 முறை தாக்குதலுக்குப் பறந்தார். 1944 டிசம்பரில் எஞ்சின்கள் பழுதாகி, விஸ் என்ற குட்டித் தீவில் இறங்க வேண்டிய கட்டாயம். அந்த விமானத்துக்குச் சுமார் 5,000 அடி ஓடுபாதை வேண்டும். அங்கே இருந்தது 2,200 அடிதான். ஒருவருக்கும் ஆபத்தில்லாமல் இறக்கினார். அதற்குப் பதக்கம் கிடைத்தது.

ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகும் அவர் உடனே ஊர் திரும்பவில்லை. 1945 மே, ஜூன் மாதங்களில் வடக்கு இத்தாலி மக்களுக்கு விமானத்தில் நிவாரணப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வீடு.

மிட்செலுக்கு வந்து படிப்பை முடித்தார். முனைவர் பட்டம் வாங்கினார். தான் படித்த டகோட்டா வெஸ்லியன் கல்லூரியிலேயே வரலாற்று ஆசிரியரானார். நிம்மதியான வேலை. 1953-ல் அதை உதறிவிட்டு ஜனநாயகக் கட்சியை வளர்க்கக் கிளம்பினார். அன்றைக்கு அந்த மாநிலச் சட்டமன்றத்தில் 110 இடங்களில் 108 குடியரசுக் கட்சி கையில். நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போனார். சந்தித்தவர்களின் விவரங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் குறித்துக்கொண்டார். 1956-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 1962-ல் செனட்டர், வெறும் 597 ஓட்டு வித்தியாசத்தில்.

இடையில் 1961-ல் அதிபர் கென்னடி அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தார். 'அமைதிக்கான உணவு' என்ற திட்டம். அமெரிக்காவில் மிஞ்சிய தானியத்தைப் பசித்த நாடுகளுக்கு அனுப்பும் வேலை. அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக நம் நாட்டுக்கு வந்த பி.எல். 480 கோதுமையும் இந்தத் திட்டத்தில் வந்ததுதான்.

வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்த மெக்கவர்ன், 1972-ல் நிக்ஸனை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். போருக்குப் பயந்தவர் என்று எதிராளிகள் கேலி பேசினார்கள். 35 தாக்குதல்களையும் பதக்கத்தையும் எடுத்துக் காட்டியிருந்தால் வாய் அடைத்துப்போயிருக்கும். அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 50 மாநிலங்களில் ஒரே ஒரு மாநிலம்தான் அவர் பக்கம் நின்றது. 1980-ல் செனட்டர் பதவியும் போனது.

1985-ல் விரிவுரை ஆற்ற ஆஸ்திரியா போயிருந்தார். தொலைக்காட்சிப் பேட்டியில், போரில் செய்ததை நினைத்து வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி மனம் திறந்து சொன்னார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் வயதான விவசாயி. அது தன் வீடுதான் என்றார். விமானம் வருவதைப் பார்த்ததுமே மனைவி, குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி ஒரு பள்ளத்தில் பதுங்கிவிட்டாராம். ஒருவருக்கும் காயமில்லை. ஹிட்லரை அடியோடு வெறுத்தவர் அவர். அந்தக் குண்டு போரை ஒரு நிமிடம் முன்னதாக முடித்திருந்தாலும் வீடு போனதற்கு வருத்தமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள் என்றாராம்.

40 வருடச் சுமை ஒரு தொலைபேசி அழைப்பில் இறங்கியது.

அத்தோடு அவர் ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. 1998-ல், 75 வயதில், ஐ.நா.வின் உணவு அமைப்புகளுக்கான அமெரிக்கத் தூதராக ரோம் போனார். எந்த இத்தாலியிலிருந்து குண்டுகளை ஏற்றிக்கொண்டு பறந்தாரோ, அதே இத்தாலி. எதிர்க்கட்சிக்காரரான பாப் டோலோடு கைகோத்தார். டோல் அதே இத்தாலிப் போரில் காயம்பட்டு வலது கை செயலிழந்தவர். ஏழை நாடுகளில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் திட்டத்தை இருவரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 41 நாடுகளில் 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் அதில் சாப்பிட்டார்கள். 2008-ல் உலக உணவுப் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

மெக்கவர்ன் 2012-ல், 90 வயதில் காலமானார். அவர் பெயரில் இன்றும் நடக்கும் அந்தத் திட்டத்தால், எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அது மதியச் சாப்பாட்டு நேரம்.