மூன்றாம் கால்

திங்கள், இரவு

மோட்டார் கன்ட்ரோலர் போர்டு பன்னிரண்டு திரும்பி வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: கரண்ட் போய் வந்தால் பச்சை லைட் எரிகிறது, போர்டு எழுவதில்லை. 5 வோல்ட் சுத்தமாக வருகிறது. ரீசெட் காலும் சரி. கிரிஸ்டலை மாற்றியும் பயனில்லை. இதே போர்டு டைமர் மாடலில் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. மலிவு மாடலில் சிஆர்2032 செல் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். டைமரே இல்லாததற்குச் செல் எதற்கு என்று போன மாதம் தலையாட்டியவன் நான்தான்.

செவ்வாய்

டிஎஸ்1307 கடிகாரச் சிப்பின் மூன்றாம் காலில், பேட்டரி காலில், மீட்டர் முனையை வைத்தேன். டிக்கென்று ரிலே தட்டியது, போர்டு எழுந்துவிட்டது. முனையை எடுத்து, அணைத்துப் போட்டால் மறுபடி பிணம். "அண்ணா, மீட்டரையும் சேர்த்தே பேக் பண்ணிடலாமா?" என்கிறான் பையன்.

புதன்

டேட்டாஷீட்டில் அப்பட்டமாக எழுதியிருக்கிறது: பேட்டரி வேண்டாமென்றால் அந்தக் காலை கிரவுண்டில் கட்டு. சப்ளை, பேட்டரி வோல்டேஜைப் போல் 1.25 மடங்குக்குக் கீழே இருந்தால் கரண்ட் போய்விட்டதென்று சிப் வாயை மூடிக்கொள்ளும். 3 வோல்ட் செல் இருந்தால் எல்லை 3.75. செல் இல்லாத கால் பூஜ்யத்தில் நிற்பதில்லை, அந்தரத்தில் ஆடுகிறது. 4 வோல்ட்டைத் தாண்டினால் 5 வோல்ட் சப்ளையே அதற்குப் பற்றாது. மீட்டரின் 10 மெகா ஓம் வழியாக அந்தக் கால் கீழே இறங்கியதால்தான் நேற்று அந்த மாயம்.

சிப் பேசாவிட்டால் பேசாமல் போகட்டும். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் லூப்பை எழுதியது யார்? அதுவும் நான்தான். இப்போது மூன்று முறை கேட்கும். பதில் இல்லையென்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கும்.

பேட்டரி காலை கிரவுண்டில் கட்டுவதையே எல்லாச் சிப்புக்கும் விதியாக்க முடியாது. எஸ்டிஎம்32எஃப்103-இல் செல் இல்லையென்றால் பேட்டரி காலை சப்ளையோடு சேர்க்கச் சொல்கிறார்கள். இங்கே கிரவுண்ட், அங்கே சப்ளை.

வியாழன்

மூன்றாம் காலும் நான்காம் காலான கிரவுண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு சொட்டு ஈயம் போதும். பன்னிரண்டும் எழுந்தன. மீட்டரை உறையில் போட்டாயிற்று.

சனி

ஒரு போர்டு மட்டும் திரும்பி வந்தது. காலி ஹோல்டரைப் பார்த்த எலக்ட்ரீஷியன், பாவம், தன் காசில் புதுச் செல் வாங்கி மாட்டியிருக்கிறார். என் ஈயச் சொட்டு அதை ஷார்ட் செய்து ஒரே நாளில் காலி. மீதிப் பதினொன்றிலும் ஹோல்டரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.